நூலைப் போலச் சேலை

"நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்னும் பழமொழியைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் இராது. பெண் பார்க்கப் புறப்படும் வீட்டில் பாட்டிமார் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லுகிறவர்களின் கருத்தெல்லாம் பழமொழியின் பின்பாதியிலேதான் இருக்கும். முன்பாதி வெறும் உவமை. ஆயினும் சற்று நின்று யோசித்தால், இரு பாதிகளும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன என்பது விளங்கும். சேலையின் தரம் நூலைப் பொறுத்தது. நூலின் தரம் பஞ்சைப் பொறுத்தது. பஞ்சின் தரமோ அது முளைத்த விதையையும், அவ்விதைக்குத் தாயும் தந்தையுமாக நின்ற செடிகளையும் பொறுத்தது. நாம் உடுத்தும் வேஷ்டிக்கும் சேலைக்கும் ஒரு குல வரலாறு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

தாயைப் போலவே பிள்ளை பிறக்குமானால் நல்ல பஞ்சு பெறுவது மிகவும் எளிது. நல்ல செடி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் விதையை ஆண்டுதோறும் விதைத்துக்கொண்டே போகலாம். அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை, அதனை நடக்கச் செய்வதற்கு எத்தனை பாடுபட்டார்கள், பாடுபட்டுப் பெற்ற செல்வம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தவளக்குப்பத்துச் சாலை

புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பம் இருக்கிறது. 'தவளம்' என்ற சொல்லுக்கு வெண்மை என்று பொருள். ஊர்ப் பெயர் எவ்வாறு வந்ததாயினும் ஆகுக. அதனைக் கேட்கும்போதெல்லாம் வெடித்த பருத்திக்காய்தான் நம் நினைவுக்கு வருகிறது. சுற்றியுள்ள பாகூர், வில்லியனூர்ப் பகுதிகள் நெல்லுக்கும் கரும்புக்கும் பேர்பெற்றவையே அன்றிப் பருத்திக்கு அல்ல. எனினும் இந்த ஒரு சாலையை வைத்துக்கொண்டே இந்நாட்டுத் துணியின் சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம்.

தவளக்குப்பத்திலிருந்து வடக்கு நோக்கிச் சுண்ணாம்பாற்றைக் கடந்து போனால் அரியாங்குப்பம். அங்கே ஆற்றங்கரையில் இருப்பது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அந்த மேட்டை அகழ்ந்தபோது, ரோம் நாட்டு வாணிபத்தைக் காட்டும் மட்பாண்டங்களோடு செங்கல்லாற் கட்டிய தொட்டிகளும் வெளிப்பட்டன. மெல்லிய மஸ்லின் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் அவை என்பது வீலரின் கருத்து. இன்னும் வடக்கே போனால் முதலியார்பேட்டையில், ஜனங்கள் 'ரோடியர் மில்' என்று அழைத்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து 'கினே' என்னும் நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் வரை சென்றது. 1936 ஜூலை 30-ஆம் தேதி உரிமை கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது போலீஸார் சுட்டதில் பன்னிருவர் உயிர் நீத்தனர். 2020-ஆம் ஆண்டில் நகரத்தின் பழைய பஞ்சாலைகள் மூடப்பட்டன. சுற்றுக் கிராமங்களிலிருந்து பல தலைமுறையாக வேலைக்குச் சென்ற குடும்பங்களுக்கு அந்த ஆலைகளின் சங்கொலி இப்போது பழங்கதை.

சாயம் தோய்த்தவரைப் பற்றியும், நெய்தவரைப் பற்றியும், ஆலையில் உழைத்தவரைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். இவர்கள் அனைவரின் கைக்கும் வந்த பஞ்சு எங்கிருந்து தன் குணத்தைப் பெற்றது என்பதை எழுதியவர் மிகச் சிலர். வகுப்பில் நாம் இப்பேச்சை எடுத்தால், "பஞ்சு எல்லாம் பஞ்சுதானே, ஐயா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடையை இழையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இழை என்பது யாது?

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு உயிரணு. விதையின் மேல்தோலிலுள்ள அணுக்களிற் சில, பூ மலர்ந்த நாளிலேயே மேலெழும்பி நீளத் தொடங்குகின்றன. ஏறக்குறைய மூன்று வாரம் அவை நீண்டுகொண்டே போகும். பின்னர் நீட்சி குறைந்து, இழையின் உட்புறத்தில் செல்லுலோஸ் என்னும் பொருள் படலம் படலமாகப் படிந்து சுவர் தடிக்கும். பூ மலர்ந்து நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய் வெடிக்கிறது. அப்போது இழை உலர்ந்து, குழல் வடிவம் நீங்கி, முறுக்கிய நாடாப் போல் ஆகிறது. அந்த இயற்கை முறுக்கினாலேதான் ஓரிழை மற்றோர் இழையைப் பற்றிக்கொண்டு நூலாகிறது. ஒரு விதையின்மீது இத்தகைய இழைகள் பல்லாயிரம் இருக்கும்.

இதில் நூற்பவர் பார்க்கும் குணங்கள் முக்கியமாக நான்கு: நீளம், மென்மை, வலிமை, முதிர்ச்சி. நீளமும் மென்மையும் உள்ள இழைகளையே மெல்லிய நூலாக நூற்க முடியும். ஒரு ராத்தல் நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே நூலின் நம்பர். நூறாம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் 84,000 கஜம், அதாவது ஏறக்குறைய நாற்பத்தெட்டு மைல் நீளம் ஓடும். குட்டையான, தடித்த இழையைக்கொண்டு ஆலையில் இவ்வாறு இழுத்தால் நூல் அறுந்து போகும். இக்காலத்து இந்தியச் சந்தையில் 20 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் குட்டை இழை, 27.5 முதல் 32 வரை நீண்ட இழை, 32.5-உம் அதற்கு மேற்பட்டதும் மிக நீண்ட இழை.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொட்டை நீக்காத பருத்தியில் ஒரு விதையை எடுத்து, அதன் இழைகளை இருபுறமும் சிறு சீப்பினால் மெல்ல வாரிவிடுங்கள். வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள் போல் இழைகள் விரியும். ஓர் அளவுகோலை வைத்துச் சிறகின் அகலத்தை அளந்தால் இழையின் நீளம் தெரியும். பருத்தி ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் செடிகளைப் பொறுக்குவதற்கு இந்த முறை வெகுகாலம் கையாளப்பட்டது.

நான்கு குலங்கள்

உலகில் பயிராகும் பருத்தியில் நான்கு குலங்கள் உண்டு. பழைய உலகத்துக் குலங்கள் இரண்டு. தமிழ்நாட்டுக் கரிசல் காட்டில் பயிரான உப்பம் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. கருங்கண்ணி மற்றொன்றைச் சேர்ந்தது. புதிய உலகமாகிய அமெரிக்காவிலிருந்து வந்த குலங்கள் இரண்டு. 'கம்போடியா' என்று நம்மவர் அழைத்த பருத்தி அவற்றில் ஒன்று. எகிப்துப் பருத்தியும் மேற்கிந்தியத் தீவுகளின் 'ஸீ ஐலண்ட்' பருத்தியும் மற்றதைச் சேர்ந்தவை. உலகத்தின் மிக மெல்லிய, மிக நீண்ட இழை இக்குலத்திலேதான் உண்டாகிறது. இந்நான்கையும் வாணிபத்திற்காகப் பயிரிடும் தேசம் இந்தியா ஒன்றே.

குலத்தின் சொத்தாகிய குணங்களைத் தாங்கிச் செல்பவை உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்கள். பழைய உலகத்துப் பருத்திகளில் இவை 26. புதிய உலகத்துப் பருத்திகளில் 52. இந்த இரட்டிப்புக்குக் காரணம் விந்தையானது. மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்னரே, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு காலத்தில், பழைய உலகத்து இனத்தைச் சேர்ந்த ஒரு செடியும் அமெரிக்கக் காட்டினம் ஒன்றும் கலந்து, இரண்டின் குரோமோசோம்களையும் முழுமையாகப் பெற்ற பிள்ளை பிறந்தது. அதன் வழிவந்தவையே கம்போடியாவும் எகிப்துப் பருத்தியும்.

அந்த அமெரிக்கக் காட்டுச் செடியில் நூற்கத்தக்க பஞ்சே கிடையாது. அப்படியானால் இழையின் நற்குணங்களெல்லாம் மற்றப் பெற்றோரிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். 1998-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வேறு விதமாகக் காட்டியது. இழையின் குணத்தைப் பாதிக்கும் காரணிகள் பல, பஞ்சில்லாத அந்த மூதாதை தந்த குரோமோசோம்களிலேயே இருக்கின்றன. இதற்கு முன்னரே 1940-வாக்கில் டெக்ஸாஸில் பீஸ்லி என்னும் விஞ்ஞானி, பஞ்சில்லாத மற்றொரு காட்டுப் பருத்தியையும் பழைய உலகத்துப் பருத்தி ஒன்றையும் கலந்து, அப்பிள்ளையை அமெரிக்கப் பருத்தியோடு சேர்த்தார். அந்த மூவினக் கலப்பின் வழிவந்த செடிகளிலிருந்து அபூர்வ வலிமையுள்ள இழை கிடைத்தது. தாயிடம் வெளிப்படாத குணம் பிள்ளைக்குச் சொத்தாக வரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சோழிக் கணக்கு

குணங்கள் எவ்வாறு இறங்குகின்றன என்பதை மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியைக்கொண்டு 1866-இல் எழுதினார். உலகம் அதனை 1900-ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டெடுத்தது. அதன்பின் காலதாமதமின்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பைஸன் என்பவர் இந்தியப் பருத்திகளைக் கலந்து செய்த சோதனைகளை 1908-இல் வெளியிட்டார். பூவிதழ் மஞ்சளா வெளுப்பா, இலை அகன்றதா பிளந்ததா என்பன போன்ற குணங்கள் மெண்டல் சொன்ன கணக்குப்படியே எளிதாக இறங்குகின்றன. ஒன்றிரண்டு காரணிகளே அவற்றை ஆளுகின்றன. பஞ்சின் பழுப்பு நிறமும் அநேகமாக இந்த வகையே.

இழையின் நீளமோ அப்படியன்று. நீண்ட இழைச் செடியையும் குட்டை இழைச் செடியையும் கலந்தால், முதற் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டிற்கும் இடைப்பட்டனவாக, ஒரு சீராக இருக்கும். அப்பிள்ளைகளின் விதையை விதைத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால், குட்டையும் நெட்டையும் நடுத்தரமுமாகப் பல அளவுகள் சிதறிக் கிடக்கும். பல காரணிகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நீளத்தை உண்டாக்குவதே இதற்குக் காரணம்.

தாயம் ஆடும் வீடுகளில் சோழி இருக்கும். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போடுங்கள். சோழி மேலும் கீழும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மேலும் மூன்று கீழுமாக விழுவது 64 தடவைக்கு இருபது தடவை. ஆறும் வாய் மேலாக விழுவது 64 தடவைக்கு ஒரு தடவைதான். பருத்தியிலோ ஒவ்வொரு காரணியும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டாக வருகிறது. எனவே கணக்கு இன்னும் கடினம். நீளத்தை ஆறு காரணிகள் ஆள்வதாக வைத்துக்கொள்வோம். ஆறிலும் நல்லவையே இரண்டிரண்டாகச் சேர்ந்த பேரப்பிள்ளை 4,096 செடிகளுக்கு ஒன்று. காரணிகள் பத்தாயின், 10,48,576 செடிகளுக்கு ஒன்று. முக்கால் மீட்டர் வரிசையில் ஓரடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 18,000 செடி நிற்கும். அந்த ஒரு செடியைக் காண ஐம்பத்தெட்டு ஏக்கர் பயிரிட்டு, ஒவ்வொரு செடியின் இழையையும் அளக்க வேண்டும்! உண்மையில் காரணிகள் பத்துக்கும் மேற்பட்டவை. ஆகையால் ஆராய்ச்சியாளர் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தேடுவதில்லை. ஒரு தலைமுறையில் சற்று நல்லவற்றைப் பொறுக்கி, அவற்றின் சந்ததியில் இன்னும் சற்று நல்லவற்றைப் பொறுக்கி, எட்டு, பத்து தலைமுறை நடக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு ஒரு பருவம் என்றால் எத்தனை ஆண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. இழை நீளும் மூன்று வாரத்தில் தண்ணீர் குறைந்தால், நல்ல குலத்துச் செடியும் குட்டை இழை தரும். சுவர் தடிக்கும் காலத்தில் பூச்சியால் இலை உதிர்ந்தால் இழை முதிராது. முதிராத இழை சாயத்தைச் சரிவர ஏற்காது. சாயச் சேலையில் சில சமயம் வெண்புள்ளிகளாகத் தெரிவது இத்தகைய பஞ்சின் சிக்குகளே. மென்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் 'மைக்ரோனேர்' என்னும் அளவு பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும். நீளம் அவ்வளவு மாறுவதில்லை. ஆகவே செடியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் குலத்தை அறிய முடியாது. அதன் பிள்ளைகளைத் தனித்தனி வரிசையில், பல ஊரில், பல ஆண்டில் பயிரிட்டுப் பார்த்தே தாயின் தகுதியைத் தீர்மானிக்கிறார்கள். பழமொழி இங்கே தலைகீழாகி, பிள்ளையைக் கொண்டு தாயை அறிவதாகிறது.

பகைத்து நிற்கும் குணங்கள்

நீளம் ஒன்றே வேண்டுமானால் காரியம் கஷ்டமாயினும் நடந்துவிடும். நீளமும் வலிமையும் விளைச்சலும் ஒன்றாக வேண்டும் என்னும்போதுதான் உண்மையான தொல்லை. இக்குணங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று பகைத்து நிற்கின்றன. வலிமையுள்ள இழைச் செடி பஞ்சைக் குறைவாகத் தருகிறது; பஞ்சை அள்ளித் தரும் செடியின் இழை குட்டையாகவோ நலிவாகவோ இருக்கிறது. ஒரே காரணி இரண்டு குணங்களையும் எதிரெதிராக இழுப்பதும் உண்டு. ஒன்றின் நற்காரணியும் மற்றதன் தீக்காரணியும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்து, பிரியாமல் சேர்ந்தே இறங்குவதும் உண்டு. பின்னதை மட்டும் பொறுமையால் வெல்லலாம். மீண்டும் மீண்டும் கலந்துகொண்டே போனால் எப்போதாவது அக்கட்டு அறுகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா ராஜ்யத்திலுள்ள 'பீ டீ' ஆராய்ச்சிப் பண்ணையார் 1930-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இவ்வாறு செய்து, வலிமைக்கும் விளைச்சலுக்கும் இருந்த பகையைப் பெரிதும் தணித்தனர்.

நம் நாட்டில் இப்பகை சட்டம் இயற்றும் வரை சென்ற வரலாறு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் கருங்கண்ணிப் பருத்திக்கு நல்ல பெயர் இருந்தது. புளிச்சை என்னும் மற்றொரு பருத்தியின் இழை குட்டை, முரடு. ஆனால் கொட்டை நீக்கினால் பஞ்சு எடை அதிகம் நிற்கும். எடைக்கே பணம் என்னும்போது குடியானவர் புளிச்சையை விதைப்பதும், வியாபாரிகள் அதனைக் கருங்கண்ணியோடு கலப்பதும் இயல்பாயின. கலப்புப் பஞ்சினால் நூற்பாலைகளில் பெயர் கெட்டது, விதையும் கலந்தது. கடைசியில் 1932-இல் சென்னை ராஜதானியில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றிப் புளிச்சையைத் தடுக்க வேண்டியதாயிற்று. குடியானவரைக் குறை கூறிப் பயனில்லை. தரத்திற்கு விலை கொடாத சந்தை தரமில்லாத விதையைத்தான் வளர்க்கும்.

கோயமுத்தூரில் நடந்த வேலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுச்சேரியைப் போலவே அப்போது பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்திலிருந்த கம்போடியா தேசத்திலிருந்து ஓர் அமெரிக்க இனப் பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. கிணற்றுப் பாசன நிலங்களில், முக்கியமாகக் கொங்குநாட்டில், அது நன்கு வேரூன்றிற்று. கோயமுத்தூர் ஆராய்ச்சிப் பண்ணையில் அதிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கியும், ஆப்பிரிக்காவின் உகாண்டாப் பருத்தியோடு கலந்தும் புதிய ரகங்களை உண்டாக்கினர். 'எம்.ஸி.யூ.' என்று இன்றும் விவசாயிகள் சொல்லும் பெயர் 'மெட்ராஸ் கம்போடியா உகாண்டா' என்பதன் சுருக்கமே. 1921-இல் அமைந்த இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டியார் 1924-இல் பம்பாய் மாதுங்காவில் ஒரு சோதனைச்சாலை நிறுவினர். தேசமெங்குமுள்ள பண்ணைகளிலிருந்து வரும் சிறுசிறு பஞ்சு மாதிரிகளை அங்கே நூற்றுப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்புக் கூறினார்கள்.

1947-இல் தேசம் பிரிந்தபோது, அமெரிக்க இனப் பருத்தி விளைந்த சிந்து, மேற்குப் பஞ்சாப் பாசன நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. நூற்பாலைகளோ பெரும்பாலும் இந்தியாவில் நின்றன. சுதந்திரம் பெற்ற தேசம் தன் ஆலைகளுக்கு அந்நியப் பஞ்சை எதிர்பார்க்க நேர்ந்தது. இந்தக் குறையைத் தீர்க்கும் வேலையில் கோயமுத்தூரின் பங்கு பெரிது. 1968-இல் வெளிவந்த எம்.ஸி.யூ. 5 பல கலப்புகளின் பயனாகப் பிறந்தது. கம்போடியாவின் குலத்தில் அத்தனை நீண்ட இழை முன்பு அரிது. எகிப்தின் கர்னாக் பருத்தியிலிருந்து பொறுக்கிய 'சுஜாதா' என்னும் ரகமும் இங்கேயே உருவாயிற்று. சுஜாதாவை மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் ஸீ ஐலண்ட் பருத்தியோடு கலந்து, 1974-இல் 'சுவின்' என்ற ரகத்தை வெளியிட்டனர். சுஜாதாவின் 'சு'வும் வின்சென்ட்டின் 'வின்'னும் சேர்ந்த பெயர் அது. அதன் இழை சுமார் 38 மில்லிமீட்டர் நீளம்; 120-ஆம் நம்பர் நூல் நூற்கலாம். இந்தியாவில் விளைந்த பருத்திகளில் இதற்கு மேற்பட்டது இல்லை என்றே சொல்லலாம்.

இதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. சூரத்தில் ஸி. டி. பட்டேல் 1970-இல் வெளியிட்ட 'ஹைப்ரிட்-4', வாணிப முறையில் பயிரான உலகத்தின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. 1972-இல் தார்வாரில் கத்தர்க்கி என்பவர், அமெரிக்க இனத்தையும் எகிப்து இனத்தையும் கலந்து 'வரலக்ஷ்மி'யை வெளியிட்டார். ஒரு குலத்தின் விளைச்சலும் மறு குலத்தின் நீண்ட இழையும் முதற் பிள்ளையில் ஒன்றாகக் கூடின. பகை தீர்ந்தது போலவே தோன்றியது. ஆனால் அந்த ஒற்றுமை ஒரு தலைமுறைக்கே. அதன் விதையை எடுத்து விதைத்தால், சோழிக் கணக்குப்படி குணங்கள் சிதறிவிடும்; இரு குலக் கலப்பில் பேரப்பிள்ளைகள் பல நலிந்தும் விகாரமாயும் பிறக்கும். ஆதலால் ஒவ்வோர் ஆண்டும் புது விதை வாங்க வேண்டும். அவ்விதையைப் பெறுவதற்கோ, முதல் நாள் மாலையில் தாய்ச்செடியின் மொட்டிலிருந்து மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இப்படி லட்சக்கணக்கான பூக்களைத் தொடும் கைகள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்களின் கைகளே.

சுவினின் நிலை வேறு. அது ஒரே குலத்துக்குள் கலந்து, பல தலைமுறை பொறுக்கி நிலைப்படுத்திய ரகம். அதன் விதையைக் குடியானவர் தாமே எடுத்து விதைக்கலாம், குணம் மாறாது. ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்து வயலில் வேறு பருத்தி இருந்தால் தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கொட்டை நீக்கும் ஆலையில் வேறு விதையோடு கலந்தாலும் ஆயிற்று. பத்தாண்டில் திரட்டிய குணம் இரண்டு மூன்று பருவத்தில் கரைந்து போகும்.

இப்போதைய நிலை

2002-ஆம் ஆண்டில் காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அது வீரிய ஒட்டு விதையாகவே பரவிற்று. தேசத்தின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதியை அதுவே ஆண்டது. தரத்தில் அது நடுவிலுள்ள 'நீண்ட இழை' வகுப்புக்குப் பெரும்பாலும் உரியது. இரு ஓரங்களிலும் இருந்தவை சுருங்கின. வறட்சிக்கு அஞ்சாத கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள் ஒரு புறம். சுவின் மறு புறம். சேலம் ஜில்லாவின் ஆத்தூர்ப் பக்கத்திலும் கொங்குநாட்டிலும் விளைந்த சுவின் இன்று மிகச் சிறிய பரப்புக்குக் குறுகிவிட்டது. அதன் காய் சிறியது. ஆகையால் ஒரு கிலோ எடுக்க அதிகக் காய் பறிக்க வேண்டும், கூலி கூடுகிறது. வயது நீண்டது, ஆகையால் ஐந்தாறு மாதம் பூச்சிக்கும் மழைக்கும் பயந்து நிற்க வேண்டும். விளைச்சலும் குறைவு. இத்தனையையும் ஈடுசெய்யும் விலை எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. அதே சமயம், உயர்ந்த துணிக்கு வேண்டிய மிக நீண்ட இழைப் பஞ்சை எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் ஆலைகள் தருவிக்கின்றன. அரிக்கமேட்டுக் காலத்தில் துணியை ஏற்றுமதி செய்த தேசம், நல்ல துணிக்குப் பஞ்சை இறக்குமதி செய்கிறது. சுவினைக் கையில் வைத்துக்கொண்டே இறக்குமதி செய்கிறது என்பதுதான் நம்மை வருத்துகிறது.

2025-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில், பருத்தி விளைச்சலைப் பெருக்கவும் மிக நீண்ட இழை ரகங்களை ஊக்கவும் ஐந்தாண்டு இயக்கம் ஒன்று அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். விஞ்ஞானமும் முன்னைப் போல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவில்லை. 2012 முதல் 2015-க்குள் பருத்தி இனங்கள் சிலவற்றின் மரபுப் பொருள் முழுவதும் படித்தெழுதப்பட்டுவிட்டது. நாற்றாக இருக்கும்போதே இலையில் சிறு துண்டெடுத்து, வேண்டிய காரணிகள் சில அதில் உள்ளனவா என்று பார்க்க முடிகிறது. ஐம்பத்தெட்டு ஏக்கர்க் கணக்கு இதனால் பெரிதும் சுருங்கும். ஆயினும் நல்ல ரகம் பிறப்பது வேறு. பிறந்தது நிலைப்பது வேறு. பின்னது பண்ணையில் மட்டும் முடியும் காரியமன்று.

இதற்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, குடியானவர் கொண்டுவரும் பருத்தியை எடைபோடும் இடத்திலேயே நீளத்தையும் வலிமையையும் அளந்து, அதற்கேற்ற விலையை அன்றே அவர் கையில் கொடுக்க வேண்டும். காரைக்காலில் நெல் அறுத்த நிலத்தில் பருத்தி போடுகிறார்கள். அத்தகைய சிறு விவசாயிக்கும் இந்த நியாயம் எட்ட வேண்டும். இரண்டாவது, ஓர் ஊருக்கு ஒரே ரகம் என்ற கட்டுப்பாடு. அண்டை வயலார் கூடிப் பேசி ஒரே விதையைப் போட்டு, ஊர்ப் பருத்தியைத் தனியாகக் கொட்டை நீக்கினால், தேனீயாலும் ஆலையாலும் வரும் கலப்பு நின்றுபோகும். மூன்றாவது நம் வீடுகளில் ஆக வேண்டியது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் கரையையும் நிறத்தையும் கேட்பதோடு, இது எந்த நம்பர் நூல், எந்தப் பருத்தி, எங்கே விளைந்தது என்றும் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்துவைத்துக்கொள்வார். கடைக்காரர் கேட்டால் ஆலைக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பருத்தி விதை சாதாரண அறையில் சில ஆண்டுகளுக்கு மேல் முளைக்கும் திறனோடு இராது. குளிர் அறைகளில் ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் காத்துவைக்கிறார்கள். அது ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. ஆனால் ஒரு ரகம் தேசத்திற்குப் பயன்பட வேண்டுமானால் அது ஒவ்வொரு பருவமும் யாரேனும் ஒருவர் வயலில் நின்றாக வேண்டும். எகிப்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவிலிருந்தும் பெற்றோரைத் தருவித்து, தமிழ்நாட்டு மண்ணில் நம்மவர் வளர்த்தெடுத்த பிள்ளை சுவின். வருகிற பருவத்தில் அதனை விதைக்கத் துணியும் விவசாயிக்கு அவருடைய கூலியும் நியாயமான லாபமும் கிடைக்கும்படி செய்வது, அத்துணியை உடுத்த விரும்பும் நம் அனைவரின் கடமை.